துளையை மூடுமுன்

உலோக வேலைக்குள் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் சங்கத்து ஆண்டு மலர்க் குழுவினர் கேட்டபோது இரண்டு கிழமை யோசித்தேன். அளவெடுப்பது எப்படி, எந்த உலோகத்தை எந்த வேகத்தில் வெட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட உங்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும். பள்ளியில் கிடைக்காத ஒன்று என்னிடம் இருக்கிறது. அது நான் விட்ட ஒரு பிழை. அதைத் தருகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசல் படித்தேன். வகுப்பில் நானும் இன்னொருத்தியும்தான் பெண்கள். மெல்பேர்ணுக்கு வந்து கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் நின்றேன். அது மூடப்பட்டபோது, டண்டினோங்கில் ஒரு சிறிய பட்டறைக்குக் கடைசல் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். போய்ப் பார்த்தால் அது துவக்குத் திருத்தும் பட்டறை. துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் துவக்கு என்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். கட்டைவிரல் மூட்டுகள் இனி ஒத்துழைக்காது என்று ஆகி, போன மாதம் விலகும்வரை அங்கேதான் வேலை செய்தேன்.

என் வேலை என்னவென்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். ரோவிலில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, உதுக்குத் தப்பித்தானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீ திரும்பவும் அதுக்குள்ளை போய் நிக்கிறியே" என்றார்.

"இஞ்சை முயலுகள்தான் அன்ரி பயப்பிட வேணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் நான் சொன்னது பெரும்பாலும் சரி. எங்களிடம் வந்தவர்களில் அரைவாசிப் பேர் தோட்டக்காரர்கள். மற்றவர்கள் சனிக்கிழமைகளில் காகித இலக்கைச் சுட்டுவிட்டுத் தேநீர் குடிக்கும் வயதானவர்கள். எல்லோரிடமும் உரிமம் இருக்கும். எல்லாத் துவக்கும் பதிவில் இருக்கும். எங்கள் வேலை தேய்ந்ததை மாற்றுவது, சிக்கியதை எடுப்பது, துருவைத் துடைப்பது. தையல் இயந்திரம் திருத்துகிறவரின் நாளும் என் நாளும் அதிகம் வேறுபட்டிருக்காது.

முதலாளி அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண். தகப்பனிடமிருந்து பட்டறையை எடுத்தவர். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "என் பெயரைப் போடாதே, பிழையை மட்டும் சரியாகப் போடு" என்றார். அதனால் முதலாளி என்றே எழுதுகிறேன்.

இனி அந்தத் துளைக்கு வருகிறேன்.

தோட்டக்காரர் முயலுக்கு வைத்திருக்கும் சிறிய துவக்குகளில் ஒரு வகை, ஒரு சூட்டுக்குப் பிறகு அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். இந்த நாட்டில் அது எல்லோருக்கும் கிடைக்காது. தோட்டம் செய்பவர்களைப் போல, காரணம் காட்டி உரிமம் எடுத்த சிலருக்கு மட்டும்தான். நல்ல துவக்கு. ஆனால் துடைக்கும் வேலையில் ஒரு தொல்லை. தோட்டா ஏறுகிற உடல்பகுதியின் பின்பக்கம் சுவர்போல மூடியிருக்கும். பின்னாலிருந்து குழலுக்குள் கம்பி விட முடியாது. அதனால் எல்லோரும் முன்னால் குழலின் வாயிலிருந்து கம்பியை விட்டுத் துடைப்பார்கள். சன்னம், அதாவது குண்டு, வெளியேறும்போது கடைசியாகத் தொட்டுப் போகிற இடம் அந்த வாய்தான். கம்பி அங்கே உரசி உரசித் தேய்ந்தால், நல்ல துவக்கும் குறி தவறும். பின்சுவரில், குழலுக்கு நேரே, ஒரு சிறிய துளை போட்டால் கம்பி பின்னாலிருந்து நேராகப் போகும். சுடும் விதத்தில் எதுவும் மாறாது. அழுக்கு வந்த வழியே திரும்பாமல் முன்னால் வெளியேறும். இதுதான் வேலை முழுவதும்.

முதல் முறை, கழித்துவிட்ட ஒரு பழைய துவக்கின் உடல்பகுதியில் பழகினேன். வெளிப்பக்கத்து விளிம்புகளிலிருந்து அளந்து, நடுவைக் குறித்து, அழகாகத் துளைத்தேன். முதலாளி கம்பியைக் கையில் தந்து, "விடு" என்றார். விட்டேன். கம்பி ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. தலைமயிர் அளவு விலகல்.

"எங்கிருந்து அளந்தாய்?"

"வெளியிலிருந்து."

"கம்பி வெளியிலா போகப் போகிறது?"

அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் குழலின் உள்ளிருந்தே நேர்கோட்டை எடுத்தேன். பிறகு போட்ட எந்தத் துளையிலும் கம்பி உரசவில்லை. அந்த வேலைக்கென்றே தூரத்திலிருந்து துவக்குகள் வரத் தொடங்கின. என் சொந்த யோசனையாக ஒன்றையும் சேர்த்தேன். துளை வழியே தூசு போகாதிருக்க, கருப்பு நைலோனில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு அடைப்பான் கடைந்து செருகிக் கொடுத்தேன். விரலால் அழுத்தினால் டக் என்று உட்காரும். பார்த்தால் தொழிற்சாலையிலேயே வைத்ததுபோல இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பிழை அந்தப் பெருமைக்குப் பின்னால்தான் நின்றது.

பட்டறையில் ஒரு முறை உண்டு. எந்தத் துவக்கு உள்ளே வந்தாலும் முதல் வேலை, தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது. எந்தத் துவக்கு வெளியே போனாலும் கடைசி வேலை, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதன் வழியே பார்ப்பது. மறுமுனையில் வட்டமான வெளிச்சம் தெரிய வேண்டும். துளை போட்ட பிறகு இதைப் பார்ப்பது மிகச் சுலபம். ஆனால் அடைப்பானைச் செருகிவிட்டால் பார்க்க முடியாது.

மரியதாஸ் அண்ணை மன்னார்க்காரர். மெல்பேர்ணுக்கு வெளியே, கூவீரப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். கத்தரி, பச்சைமிளகாய், வெண்டி. மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் பலருடைய குசினிக்கு அவருடைய மிளகாய் போகும். தன் துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதே முறைப்பாட்டைத் தொடங்கினார்.

"தங்கச்சி, நான் முயலுகளுக்குத்தான் தோட்டம் செய்யிறன். மிச்சம் மீதியைச் சனத்துக்கு விக்கிறன்."

"சுட்டால் விழுகுதில்லையோ அண்ணை?"

"விழுந்தால் ஏன் உன்னட்டை வாறன்? நான் சுட அதுகள் நிண்டு பாக்குதுகள். போன கிழமை ஒண்டு காதைச் சொறிஞ்சுபோட்டுப் போச்சு."

குழலின் வாய் தேய்ந்திருந்தது. வாயைச் சீர்செய்து, இனித் தேயாதிருக்கத் துளையும் போடலாம் என்றேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை என் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ரயில் தாமதம் என்று மூன்று மணிக்கு ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நான்கு முறை போன் எடுத்தேன், அவள் பதில் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்ட தாய் என்றால், மகள் கடைக்குப் போனாலும் போய்ச் சேர்ந்ததும் சொல்லச் சொல்கிறவள். காஸ் அடுப்பை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். வேலை நேரத்தில் போன் மேசை லாச்சிக்குள் இருக்க வேண்டும் என்பது முறை. அன்று அதை ஏப்ரன் பைக்குள் வைத்திருந்தேன்.

துளை போட்டு முடிந்தது. கடைசித் துடைப்பு. கம்பியின் நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு பித்தளை முனை ஒன்று திருகியிருக்கும். அதில் துணித்துண்டு வைத்துக் குழலுக்குள் தள்ளுவோம். பாதி தூரம் தள்ளியபோது போன் அதிர்ந்தது. கம்பியை இழுத்து மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். "ஓன் த ட்ரெயின் அம்மா, சார்ஜ் இல்லை, சில் பண்ணுங்கோ" என்று இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் இலகுவாகிவிட்டது. அந்த இலகுவோடு துவக்கின் பாகங்களைத் திரும்பப் பூட்டினேன். அடைப்பானை வைத்து அழுத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. தேவமாதா பாடல் ஒன்றை முணுமுணுத்தபடி பதிவுத் தாளை எழுதினேன். அவள் எங்கே என்று தவித்த ஒரு மணிநேரத்தில் நான் எதையும் பிழையாகச் செய்யவில்லை. தவிப்பு விட்ட அந்த இரண்டு நிமிடத்தில்தான் செய்தேன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணை ஒரு பை கத்தரிக்காயோடு வந்தார். அடைப்பானைப் பார்த்து, "என்னடி தங்கச்சி, துவக்குக்கு மூக்குத்தி குத்தியிருக்கிறாய்" என்றார். கையெழுத்து வைத்தார். நாளைக்குப் பின்னேரம் முயலுகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை பட்டறை அரை நாள். காலையில் அடுத்த துவக்கை எடுத்து மேசையில் வைத்துக் கம்பியைத் தூக்கினேன். நுனியில் வெறும் புரி மட்டும் இருந்தது. பித்தளை முனை இல்லை.

முனைகளை வைக்கும் மரக்கட்டையில் ஆறு குழிகள். ஐந்து முனைகள் இருந்தன. மேசைக்குக் கீழே பார்த்தேன். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். இரும்பென்றால் காந்தத்தைக் கொண்டு நிலத்தைத் துழாவலாம், பித்தளை ஒட்டாது. முழங்காலில் நின்று கையால் துழாவினேன். கடைசியாக எந்தக் குழலில் அந்தக் கம்பியை விட்டேன் என்பது எனக்குத் தெரியும். இழுக்கும்போது புரி கழன்று முனை உள்ளேயே நின்றிருந்தால், துவக்கு இப்போது கூவீரப்பில் இருக்கிறது. குழல் அடைபட்டிருக்கும்போது சுட்டால் அது வீங்கும், அல்லது பிளக்கும். முகத்தை அதன் மேல் சாய்த்துத்தான் குறி பார்ப்பார்கள்.

முதலாளியிடம் சொல்வதற்கு முன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து, குரல் பதிவுக்குப் போனது. நான் பேசினேன்.

"அண்ணை, நான்தான். ஒண்டுமில்லை, ஒரு சின்ன விசயம். நேரம் கிடைக்கேக்கை ஒருக்கா எடுங்கோ."

உங்களில் பலருக்கு இது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் போன் செய்தி அப்படித்தான் தொடங்கும். அம்மா இறந்த அன்று அண்ணன் ஊரிலிருந்து எடுத்தபோது அவனுடைய முதல் வார்த்தை, "ஒண்டுமில்லை, நீ சாப்பிட்டியோ?" கேட்பவர் நெஞ்சு பதறக்கூடாது. மூத்தவர்களிடம் எடுத்த எடுப்பில் கெட்டதைச் சொல்லக்கூடாது. நான் திட்டமிட்டு அப்படிப் பேசவில்லை. வாயைத் திறந்தபோது அதுதான் வந்தது.

பிறகு முதலாளியிடம் போனேன். முழுவதையும் சொன்னேன்.

"முனை குழலுக்குள் இருப்பது உனக்கு நிச்சயமா?"

"தெரியாது. பட்டறையில் எங்காவது விழுந்தும் இருக்கலாம்."

"தெரியாது என்றால் குழலுக்குள் இருக்கிறது. அப்படி நினைத்து வேலை செய். அவருக்கு எடுத்தாயா?"

"எடுத்தேன். குரல் பதிவு விட்டிருக்கிறேன்."

"என்ன சொன்னாய்?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதிலேயே அது வேறு மாதிரி விழுந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில் ‘சுடாதே’ எங்கே இருக்கிறது?"

உடனே மறுபடி எடுத்தேன். இம்முறை மணியே அடிக்கவில்லை. தோட்டத்தில் சில இடங்களில் சிக்னல் இல்லை. சுடாதேங்கோ, துவக்கைத் தொடாதேங்கோ என்று பதிவு விட்டேன், எழுத்திலும் அனுப்பினேன். அவருக்குப் போய்ச் சேராமல், ஒற்றைச் சரி அடையாளத்தோடு அது நின்றது.

"நீ கம்பியை எடுத்துக்கொண்டு புறப்படு" என்றார் முதலாளி. "நான் அந்தப் பக்கத்துப் பொலிசுக்கு எடுக்கிறேன்."

பொலிஸ் என்றதும் என் கால் நின்றுவிட்டது. என் பெயரும் துவக்கு என்ற சொல்லும் ஒரே வசனத்தில் ஒரு பொலிஸ்காரர் காதில் விழுவதை எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பது உங்கள் தாய்தகப்பனுக்குத் தெரியும். இன்னும் ஒரு தரம் நிலத்தைத் தேடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"அவர் சுடுவதற்கு முன் யார் போய்ச் சேர்ந்தாலும் எனக்குச் சரி" என்றார் அவர். "உனக்கு?"

நான் காரை எடுத்தேன்.

வழியில் என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பின்னேரம் என்றுதானே சொன்னார், இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒன்று சொல்லும். புதிதாகத் திருத்திய துவக்கைப் பின்னேரம் வரைக்கும் தொடாமல் வைத்திருக்கிற மனிதன் உலகத்தில் இல்லை என்று இன்னொன்று சொல்லும். பேக்கனம் ஊரைத் தாண்டினேன். வேகத்தைக் கூட்டாமல் இருப்பதற்கு என் முழுப் பலமும் தேவைப்பட்டது.

தோட்டத்தில் அண்ணையின் மனைவி கொட்டிலுக்குள் மிளகாயைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணை எங்கை?"

"வாய்க்கால் பக்கம் போயிட்டார். என்ன பிள்ளை, முகமெல்லாம்—"

"துவக்கோடையோ?"

"ஓம். துளை போட்டு வந்ததிலையிருந்து ஒரே புழுகமும் சந்தோசமும். ரின்னுக்கு ஒருக்காச் சுட்டுப் பாக்கப்போறன் எண்டு இப்பதான் போனவர்."

ஓடினேன். கத்தரிப் பாத்திகளின் முடிவில் அவருடைய முதுகு தெரிந்தது. வேலிக் கட்டையில் ஒரு வெற்றுத் தகர ரின். அவர் குனிந்து தோட்டாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. காதில் சத்தம் தடுக்கும் மூடி போட்டிருந்தார்.

இந்த இடத்தில் ஓடிப்போய் அவருடைய தோளைப் பிடிக்கத்தான் என் உடம்பு சொன்னது. துவக்கு வைத்திருக்கும் ஆளைப் பின்னாலிருந்து தொடக்கூடாது. திடுக்கிட்டால் விரல் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் போனால் குழலுக்கு நேரே நிற்பேன். அவருடைய இடது கண்ணின் ஓரத்தில் தெரியும்படி, தள்ளிப் பக்கவாட்டில் போய் நின்று, ஏப்ரனைக் கழற்றி இரண்டு கையாலும் ஆட்டினேன். அவர் துவக்கைத் தூக்கினார். முகத்தைச் சாய்த்தார். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் தலையைத் திருப்பினார். துவக்கு நிலத்தைப் பார்த்து இறங்கியது. ஒரு கையால் காதுமூடியைத் தூக்கினார்.

"என்ன தங்கச்சி, கத்தரிக்காய் போதாமல் போச்சோ?"

"சுடாதேங்கோ அண்ணை. குழலுக்குள்ளை என்ரை சாமான் ஒண்டு நிக்குது."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். தோட்டா நிரப்பும் மகசினைக் கழற்றினார். தோட்டா ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்த்து, ஏறியிருந்ததை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். ஒரு விரல் அசைவு மிச்சம் இருந்திருக்கிறது. துவக்கை என்னிடம் நீட்டினார்.

அவருடைய யூட் வண்டியின் திறந்த பின்தட்டில் சாக்கை விரித்துத் துவக்கைப் பிரித்தேன். அடைப்பானைக் கழற்றிப் பின்னாலிருந்து குழல் வழியே வானத்தைப் பார்த்தேன். இருட்டு. அவரையும் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். நான் போட்ட துளை வழியாகவே கம்பியை விட்டுத் தள்ளினேன். உரசாமல் நேராகப் போனது. குழலின் வாயிலிருந்து துணி சுற்றிய பித்தளை முனை சாக்கில் விழுந்தது. சத்தம்கூட இல்லை.

அண்ணை அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தார்.

"உன்ரை மெசேஜைக் காலமை கேட்டனான்" என்றார் அவர். "ஒண்டுமில்லை எண்டாய். சின்ன விசயம்தானே, பேந்து எடுப்பம் எண்டு போனை அந்தச் சிக்னல் இல்லாத கொட்டிலுக்குள்ளை வைச்சிட்டு வந்தனான்."

"வேறை மாதிரிச் சொல்லியிருந்தால்?"

"ஏன் உப்பிடிக் கேக்கிறாய்? உடனை எடுத்திருப்பன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். குழலுக்குள் முனையை விட்டது ஒரு பிழை. அது கை விட்ட பிழை, யாருக்கும் நடக்கலாம். அதைத் திருத்த எனக்குக் காலையில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அவர் என் குரலைக் கேட்டிருக்கிறார். கேட்ட பிறகும் தோட்டாவை ஏற்றியிருக்கிறார், ஏனென்றால் நான் அவரை அமைதிப்படுத்தியிருந்தேன்.

முதலாளிக்கு எடுத்தேன். முனை வெளியே வந்துவிட்டது, யாருக்கும் காயமில்லை என்று முதலில் சொன்னேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. பொலிசுக்குத் தானே திரும்ப அறிவிப்பதாகச் சொன்னார்.

"குழலில் வீக்கம் ஏதாவது?"

"இல்லை. சுடவேயில்லை."

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"அவரும் பார்க்கட்டும். பிறகு முடிவை நீ சொல்."

துவக்கைத் திரும்பப் பூட்டுமுன் இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். இப்போது வட்டமான வெளிச்சம், அதற்குள் ஒரு துண்டு மேகம். பூட்டினேன். அடைப்பானைக் கடைசியாக அவருடைய கையில் கொடுத்தேன். அவரே அழுத்தினார்.

"இப்ப சுடலாமோ?"

என்னுடைய வேலை வாழ்க்கையில் பதில் சொல்ல மிகவும் கஷ்டப்பட்ட கேள்வி அது. வேண்டாம், திங்கட்கிழமை கொண்டுவாங்கோ, இன்னொருதரம் பார்ப்போம் என்று சொல்ல நாக்கு நுனியில் இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் கவனமான ஆள் என்ற பெயர் கிடைத்திருக்கும். ஆனால் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் நான் பார்த்திருந்தேன். இனிப் பார்க்க மிச்சம் இருந்தது என் பயம் மட்டும்தான். அதைக் குழலுக்குள் தேடிப் பயனில்லை.

"ஓம் அண்ணை. சுடலாம்."

அவர் காதுமூடியைப் போட்டார். நான் அவருக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நின்றேன். முதல் சூடு வேலியைத் தாண்டிப் போனது. இரண்டாவதில் ரின் விழுந்தது.

"முதலாவது துவக்கின்ரை பிழையில்லை" என்றார். "என்ரை பிழை."

திங்கட்கிழமை ஒரு பொலிஸ்காரர் பட்டறைக்கு வந்தார். நான் எழுதி வைத்திருந்த அறிக்கையை வாசித்தார். இரண்டு கேள்விகள் கேட்டார். நன்றி சொல்லிப் போய்விட்டார். முப்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்த சந்திப்பு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. முதலாளி என்னை வேலையால் நிறுத்தவில்லை. அடைப்பானையும் நிறுத்தவில்லை, அது நல்ல சாமான் என்றார். ஆனால் அன்றிலிருந்து அடைப்பான் ஒரு சிறிய உறைக்குள் தனியாகப் போகும். வாடிக்கையாளர் குழலைத் தானே பார்த்த பிறகுதான் அவர் கையாலேயே செருகுவார். நான் விலகும்வரை அப்படித்தான் செய்தோம். அடுத்து வந்தவர்களும் அப்படியே செய்கிறார்கள். நான் விட்டுவந்த வேலைகளில் எனக்கு மிகவும் திருப்தி தருவது அந்த உறைதான். மரியதாஸ் அண்ணையும் முயலுகளும் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் துவக்கு வேலைக்குப் போகாமல் இருக்கலாம். பிரேக் பாகமோ, லிஃப்டின் பற்சக்கரமோ, ஆஸ்பத்திரிக் கட்டிலின் பூட்டோ செய்வீர்கள். ஒரு நாள் உங்கள் கையை விட்டு ஒரு பிழை வெளியே போகும். நான் இரவெல்லாம் பயப்படுகிறவள். பயப்படுவதையே கவனம் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். பயந்துகொண்டே ஒன்றைப் பார்க்காமல் விடலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. நேர்த்தியாக மூடுவதற்கு முன் பாருங்கள். பிழை போய்விட்டால் ஆபத்தை முதல் வசனத்தில் சொல்லுங்கள். நலம் விசாரிப்பு, மன்னிப்பு, விளக்கம் எல்லாம் இரண்டாம் வசனத்திலிருந்து வரலாம். கேட்பவர் பதறட்டும். பதறினால்தான் கையை எடுப்பார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மகள் குசினியில் கதிரையில் காலை மடக்கி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை நாள்தானே அம்மா? வை ஸோ லேட்?"

வாய் தானாகத் திறந்தது. "ஒண்—" என்று வந்துவிட்டது. நிறுத்தினேன்.

"நேற்று நான் விட்ட பிழையாலை இண்டைக்கு ஒரு மனிசன் செத்திருக்கக்கூடும்" என்றேன்.

அவள் போனைக் கீழே வைத்தாள். "ஆருக்கும் காயமோ?"

"இல்லை."

"ஷுவர்? இல்லாட்டி அப்பப்பாவுக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்ன மாதிரியோ?"

அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புச் சோதனை நடந்தபோது அவளுடைய அப்பப்பா ஊரில் இறந்துவிட்டார். சோதனை முடியும்வரை, அப்பப்பாவுக்கு ஒண்டுமில்லை, சும்மா காய்ச்சல் என்று பத்து நாட்கள் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"ஷுவர்" என்றேன். "என்ரை கண்ணாலை பாத்தனான்."

"அப்ப முழுக்கச் சொல்லுங்கோ."

அவளுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முழுக்கச் சொன்னேன். அது முடிந்ததும், அவள் கேட்காமலே, அப்பப்பாவின் அந்தப் பத்து நாட்களையும் சொன்னேன்.